முப்பத்து நான்காவது கிலோமீட்டர்

டிசம்பர் 16, திங்கள்

ஐந்து மணி இருபத்து நான்கு நிமிடம் பத்து விநாடி. நேற்றைய முழு மாரத்தானில் என் நேரம். ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று மில் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுப் போனவள் வந்து சேர்ந்த லட்சணம் இது. வெட்கக்கேடு.

இந்த நோட்டை எழுதச் சொன்னவர் கோச் பிரகதீஷ். அவருக்கு வயது இருபத்தொன்பது. அவருடைய வாட்ஸ்அப் குழுவிலேயே மூத்தவள் நான், நாற்பத்தொன்பது. தினமும் நான்கு விஷயம் எழுத வேண்டுமாம்: ஓட்டம், தூக்கம், சாப்பாடு, மனநிலை. பிப்ரவரி 23-ஆம் தேதி இன்னொரு முழு மாரத்தான் இருக்கிறது. அதற்குள் எங்கே கோட்டைவிட்டேன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

கண்டுபிடிப்பது எனக்கென்ன புதிதா? பஞ்சாலைச் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். நூலை மெஷினில் ஓடவிட்டால் வரைபடம் வரும். எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எந்த மெஷினின் கோளாறு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். ஸ்பின்னிங் மாஸ்டர்களெல்லாம் தமயந்தி மேடம் என்றால் கொஞ்சம் நடுங்குவார்கள்.

இன்று மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். முன்பக்கமாக இறங்கினால் தொடை கத்துகிறது. எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டார்.

"என்னாச்சுங்?"

"மாரத்தான் ஓடினனுங்."

"தனியாவுங்களா? எதுக்குங் அது?"

பால் பாக்கெட் வாங்க நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஓட்டம்: இல்லை. தூக்கம்: மூன்று மணி நேரம். சாப்பாடு: தயிர்சாதம், மூன்று வேளையும். மனநிலை: சரி.

டிசம்பர் 17, செவ்வாய்

லீவு. கடிகாரத்தில் இருந்ததை நோட்டில் இறக்கினேன். முதல் முப்பது கிலோமீட்டரும் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஐந்து விநாடி, நூல் பிடித்த மாதிரி. முப்பதிலிருந்து முப்பத்து மூன்றுவரை கொஞ்சம் தளர்ச்சி, ஏழு நாற்பது. அதற்கடுத்த முப்பத்து நான்காவது கிலோமீட்டர் மட்டும் பத்தொன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி.

எருமைகூட அதைவிட வேகமாகப் போகும்.

காரணம் தெரியவில்லை. தண்ணீர் மேசையில் கூட்டம் இருந்திருக்கலாம்.

மார்பில் குத்தியிருந்த நம்பர் அட்டையை இன்றுதான் எடுத்துவைத்தேன். அதன் பின்பக்கத்தில் அவசரத் தொடர்பு எண் எழுத வேண்டும். நாம் விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்கள் யாரைக் கூப்பிடுவது என்பதற்காக. முந்தைய ஓட்டங்களுக்கெல்லாம் என்னோடு சேர்ந்து ஓடிய ரெஜினாவின் எண்ணை எழுதுவேன். இந்த முறை பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஈரோட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் அவன் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. பதினொரு மணிக்கு எனக்கு ஒரு போன் போடுவான், அதோடு சரி. கடைசியில் என் எண்ணையே எழுதினேன். போன் எப்போதும் என் இடுப்புப் பையில்தான் இருக்கும், அது இல்லாமல் நான் ஒரு நாளும் ஓடியதில்லை. ஆக, நான் விழுந்திருந்தால் என் இடுப்பிலேயே மணி அடித்திருக்கும்! நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

பையின் எலாஸ்டிக்கும் தளர்ந்துவிட்டது. தைத்துக் கொடுத்தவளிடம் போய்க் கேட்கவா முடியும்.

டிசம்பர் 19, வியாழன்

முப்பத்து நான்காவது கிலோமீட்டருக்குக் காரணம் உப்புதான். எட்டு மணிக்குமேல் வெயில் ஏறிவிட்டது, எடுத்துப்போன உப்பு மாத்திரை இரண்டு மட்டும். பிப்ரவரியில் நான்கு எடுத்துப்போக வேண்டும். எழுதிவைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

உப்பு இல்லை. உப்பு குறைந்திருந்தால் முப்பத்தைந்திலும் தடுமாறியிருப்பேன். முப்பத்தைந்து எட்டு நிமிடத்தில் முடிந்திருக்கிறது. ஒரே ஒரு கிலோமீட்டரில் மட்டும் ஒருத்திக்கு உப்பு குறையுமா? என்னையே நான் ஏமாற்றப் பார்க்கிறேன். மாஸ்டர் யாராவது இந்தக் கதையோடு வந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

இடது முட்டியாக இருக்கும்.

டிசம்பர் 22, ஞாயிறு

கோச் போன் செய்தார்.

"மேடம், தர்ட்டி ஃபோர்ல என்ன ஆச்சு? நின்னுட்டீங்களா?"

"முட்டி கொஞ்சம் பிடிச்சுகிச்சு."

"சரி, பாத்துக்கலாம். போன வருசம் அஞ்சு மணிக்குள்ள முடிச்சீங்கல்ல, நாலு அம்பத்தேழு? அந்த ஃபைல அனுப்புங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எல்லாம் தெரிஞ்சுரும்."

அது பழைய போனில் இருக்கிறது, தேட வேண்டும் என்றேன். பழைய போன் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. சார்ஜரோடு. போன வருட ஓட்டத்தை இதோடு ஒப்பிடுவது சரியில்லை, அன்றைக்கு வானிலையே வேறு.

பதினொரு மணிக்கு அண்ணன் பேசினான். மருமகளுக்கு வளைகாப்பாம், வரச் சொன்னான். நீ மட்டும்தானே, ஒரு பையோடு வந்துவிடலாமே என்றான். ஆமாம், நான் மட்டும்தான்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். மில் விடுமுறை. எட்டு கிலோமீட்டர். வாசல் மணி இரண்டு முறை அடித்தது. ஒன்று கொரியர், இன்னொன்று தண்ணீர் கேன். ரெஜினா வீட்டிலிருந்து கேக்கும் கல்கல் பலகாரமும் வந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. எதிர்பார்க்கவும் இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

அடுக்ககத்தின் அடித்தளத்தில் கார்களைச் சுற்றி ஓடுகிறேன். ஒரு சுற்று நூற்றெண்பது மீட்டர். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அறுபத்தேழு சுற்று. கீழே சிக்னல் கிடையாது. கடிகாரத்தின் வரைபடத்தில் நான் ஓடிய தூரமெல்லாம் ஒரே ஒரு புள்ளியாக விழுகிறது. அதைப் பொறுத்தவரை நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

சாலைக்குப் போகலாம்தான். ஆனால் இருட்டு விலகாத நேரத்தில் ஒரு பெண் தனியாக ஓடினால் நாய்களுக்கும் இளக்காரம், பைக்கில் போகிறவன்களுக்கும் இளக்காரம். இரண்டு பேராக இருந்தால் ஒன்றும் ஆகாது. ரெஜினா கையில் ஒரு குச்சி வைத்திருப்பாள். நாயைப் பார்த்து "ஏய், போடா அந்தாண்ட!" என்று அவள் போடும் சத்தத்தில் பைக்கில் வந்தவனும் சேர்ந்து போய்விடுவான்.

ரெஜினாவைப் பற்றி ஒரு முறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். மனநிலை என்ற கட்டத்தில் தினமும் 'சரி' என்று எழுதிக் கை வலிக்கிறது.

மசக்காளிபாளையம் சாலையில் அவளுக்குத் தையல் கடை. என்னைவிட ஏழு வயது இளையவள். ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போய்ப் பழக்கம். "நீங்க ஓடப் போறீங்களாக்கா? நானும் வரட்டுங்களா?" என்று அவளாகத்தான் கேட்டாள். ஐந்து வருடம் சேர்ந்து ஓடினோம். என் கையில் மட்டும்தான் கடிகாரம். அவள் வாங்கவில்லை. "உங்க வாட்ச்தாங்க்கா எனக்கும்" என்பாள். நம்பர் அட்டையின் பின்பக்கம் அவள் என் எண்ணை எழுதுவாள், நான் அவள் எண்ணை எழுதுவேன். பக்கத்திலேயே ஓடுகிறவளின் எண்ணை எதற்கு எழுதுகிறோம் என்று இரண்டு பேருக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை.

போன டிசம்பரில் நடந்தது இவ்வளவுதான். முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில், மேம்பாலம் இறங்கும் இடத்தில் டைல்ஸ் கடைக்கு எதிரே அவளுக்குத் தலை சுற்றியது. "நீங்க போங்க்கா, நான் மெதுவா வர்றேன்" என்றாள். அவள் சொன்னதால் நான் போனேன். அவள் நடுச்சுவரில் உட்கார்ந்து, பிறகு விழுந்திருக்கிறாள். உடம்பில் உப்பு இறங்கி மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ்காரர்கள் என் எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள். போன் அன்று என்னிடம் இல்லை, பைகளை ஒப்படைக்கும் பேக் கவுண்டரில் இருந்தது. அவள் கணவர் ஆல்பர்ட்டிடமும் அதைச் சொல்லிவிட்டேன். "அப்படிங்களா, அப்பச் சரிங்" என்றார். அதற்குப்பிறகு அவளை ஓட விடவில்லை போல. அதனால்தான் அவள் வரவில்லை.

அவள் கடை வழியாக நான் இப்போது போவதில்லை. அங்கே ஓர் ஏற்றம் இருக்கிறது, முட்டிக்கு ஆகாது.

தூக்கம்: நான்கு மணி நேரம்.

டிசம்பர் 30, திங்கள்

அந்தச் சாலையில் ஏற்றம் எதுவும் இல்லை. சும்மா எழுதினேன்.

ஜனவரி 3, வெள்ளி

மாஸ்டர் பொன்னுசாமியோடு சண்டை. நாற்பதாம் நம்பர் நூலில் மெலிவு வருகிறது. சாம்பிளைக் கொண்டுவந்து வைத்ததும் அவர் பாடிய பாட்டு வழக்கமானது.

"இந்த லாட்டு பஞ்சு சரியில்லீங் மேடம்."

"பஞ்சு என்னங்க பண்ணுச்சு? இங்க பாருங்க. எட்டரை சென்டிமீட்டருக்கு ஒருக்கா, சொல்லிவெச்ச மாதிரி அதே இடத்துல வருது. பஞ்சுல கோளாறுன்னா கண்ட எடத்துல வரும். ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வந்தா அது உருளைங்க. பஞ்சு மேல பழியப் போடாம போய் உருளையக் கழட்டிப் பாருங்க."

முனகிக்கொண்டே போனார். கழற்றிப் பார்த்தால் முன் உருளையில் ஒரு வெட்டு. போன் செய்து, "நீங்க சொன்னது சரிதானுங்" என்றார்.

வெற்றிதான். டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். முந்தைய டிசம்பரிலும் முப்பத்து மூன்று முடிந்த இடம். இந்த டிசம்பரிலும் முப்பத்து மூன்று முடிந்த இடம்.

ஜனவரி 5, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர், எண்பத்தொன்பது சுற்று. பழைய போனைச் சார்ஜில் போட்டேன். ஃபைலைத் திறந்து பார்க்காமலே கோச்சுக்கு அனுப்பினேன்.

ஜனவரி 6, திங்கள்

கோச்சின் வாய்ஸ் மெசேஜ். அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், என்ன மேடம் இது, இவ்ளோ நாள் இத மறைச்சு வெச்சிருந்தீங்க! சூப்பர் ரன் மேடம். இருபத்து நாலு கிலோமீட்டர் வரைக்கும் ஏழு பதினஞ்சுல பொறுமையா போறீங்க. அங்கருந்து டக்குனு ஆறு நாற்பது. ஒம்பது கிலோமீட்டருக்கு விடாம புடிச்சிருக்கீங்க. கரெக்டா முப்பத்து மூணுல அஞ்சு மணி நேர பஸ்ஸப் புடிச்சிருக்கீங்க. இதான் மேடம் நம்ம பிளான். பிப்ரவரில இதையே அப்படியே திரும்பப் பண்றோம்."

பஸ் என்றால் நிஜ பஸ் அல்ல. ஐந்து மணி நேரத்தில் முடிப்பதற்காகக் கொடி பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடுவார், அவர் பின்னால் ஒரு கூட்டம் ஓடும். அதைத்தான் ஓடுகிறவர்கள் பஸ் என்போம்.

இரண்டாவது முறை கேட்கும்போது பாதியில் அணைத்துவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

ஃபைலைத் திறந்தேன்.

கோச் சொன்னது சரி. இருபத்து நான்காவது கிலோமீட்டரில் கோடு படியேறின மாதிரி ஏறுகிறது. மேலே கொடி தெரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அரை கிலோமீட்டர் முன்னால், ஆரஞ்சு நிறத்தில். பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாங்கள் போட்டிருந்த திட்டம் அதுவல்ல, கடைசிவரை ஏழு பதினைந்து என்பதுதான் பேச்சு. ஐந்து மணியெல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும்தான் முடிவு செய்தோம்.

இருபத்தேழில் ரெஜினா கேட்டாள், "அக்கா, கரெக்டாப் போறமா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு முப்பத்தெட்டு காட்டியது.

"கரெக்டாத்தான் போறோம்" என்றேன்.

முப்பதில் இன்னொரு முறை கேட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

ஜனவரி 8, புதன்

மில்லுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டம்: இல்லை. சாப்பாடு: இல்லை. மனநிலை: இந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனை உதைக்க வேண்டும்.

ஜனவரி 11, சனி

எழுதத் தொடங்கியாயிற்று, மீதியையும் எழுதித் தொலைக்கிறேன்.

போன் பேக் கவுண்டரில் இல்லை. இடுப்பில்தான் இருந்தது. முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில் முதலில் அதிர்ந்தது. அப்புறம் நாற்பதுக்குள் இரண்டு தடவை. நாற்பத்தொன்றில் ஒரு தடவை. மொத்தம் நான்கு. அண்ணனாக இருக்கும் என்று நினைத்தேன்.

மணி அப்போது காலை ஒன்பது ஆகி ஐந்தோ பத்தோ நிமிடம்தான். ஞாயிற்றுக்கிழமை. அண்ணனாவது, எழுந்திருப்பதாவது!

எனக்குத் தெரியும். முதல் அதிர்விலேயே அது ரெஜினாவுக்காக வரும் போன் என்று தெரியும். எடுத்திருந்தால் நிற்க வேண்டியிருக்கும். நின்றிருந்தால் நான்கு ஐம்பத்தேழு கிடையாது. பையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே ஓடினேன். முடிவுக் கோட்டில் பதக்கத்தை மாட்டி ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு, அதற்குப்பிறகுதான் போனை எடுத்தேன்.

இந்த டிசம்பரில் முப்பத்து நான்கில் எனக்கு முட்டி பிடிக்கவில்லை. உப்பும் குறையவில்லை. டைல்ஸ் கடைக்கு எதிரே வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அந்த நடுச்சுவரில் உட்கார்ந்தேன். அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரே ஒருவர் நின்று, "என்னங்க, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவர். அழுகை வந்துவிட்டது. தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி போட்டு வைத்தேன். ஒரு டம்ளரே எனக்கு நான்கு நாளைக்கு வரும். எதிர்வீட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். "தனியா இருந்துட்டும் பொங்கல் வெக்கறீங்களே" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு இல்லாமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி கோச் நச்சரிக்கிறார். படிவத்தில் அவசரத் தொடர்பு எண் கட்டாயம். இந்த முறை கம்ப்யூட்டரில் நிரப்புவது. ஓடுகிறவரின் எண்ணையே போட்டால் ஏற்றுக்கொள்ளாதாம், சிவப்பாகத் திட்டுகிறது. மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 18, சனி

போனேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு வருட வரைபடத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த பாஷை அதுதான். கடையில் அவள் மட்டும் இருந்தாள். மெலிந்திருந்தாள். மெஷினை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க. அளவு ரவிக்கை கொண்டாந்தீங்களா?"

'அக்கா' இல்லை. கடைக்கு வரும் யாரோ ஒருத்தியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"தைக்கக் குடுக்க வரல, ரெஜினா. ஒன்னு காட்டணும்."

காகிதத்தைக் கட்டிங் மேசையில் விரித்தேன். இடுப்புப் பை குனிய இடைஞ்சலாக இருந்தது, போனை மட்டும் எடுத்துக்கொண்டு பையைக் கழற்றிக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தேன். இருபத்து நான்காவது கிலோமீட்டரில் விரலை வைத்தேன். "இங்க ஏத்திட்டேன். பேசி வெச்சதவிட அரை நிமிசம் ஜாஸ்தி. நீ ரெண்டு வாட்டி கேட்ட. நான் கரெக்டுன்னு பொய் சொன்னேன். நீயா விழல, ரெஜினா. நான்தான் உன்னை இழுத்துட்டுப் போய் விழவெச்சேன்."

அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. ரவிக்கையின் கையைத் திருப்பிப் போட்டு அடுத்த தையலை ஓட்டினாள்.

"வேகம்னு எனக்குத் தெரியாதாக்கா? அஞ்சு வருசமா ஓடறேன். என் மூச்சு எனக்குத் தெரியாதா? கொடி எனக்கும்தான் தெரிஞ்சுது. எனக்கும் ஆசதான். அதனாலதான் வாய மூடிட்டு வந்தேன். அத ஒன்னும் நீங்க மட்டும் தூக்கிச் சொமக்க வேண்டாம்."

அக்கா என்று வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்தான்.

"அன்னிக்கு போன்..." என்று தொடங்கினேன்.

மெஷின் நின்றது.

"பேக் கவுண்டர்ல இருந்துச்சுன்னு அவருகிட்டச் சொன்னீங்க. ஆஸ்பத்திரில நான் கண்ண மூடிப் படுத்திருந்தேன், தூங்கல." மேசையிலிருந்த பையைக் கையில் எடுத்தாள். ஜிப்பைத் திறந்து உள்துணியைப் பிதுக்கிக் காட்டினாள். "இது நான் தெச்சதுக்கா. உங்க போன வெச்சு அளவெடுத்துத் தெச்சேன். வேர்வை படக்கூடாதுன்னு குடைத்துணிய உள்ள குடுத்துத் தெச்சேன். அன்னிக்குக் காலைல நீங்க போன இதுக்குள்ள வெச்சு, ஜிப்பு சிக்கிருச்சுன்னு சொன்னீங்க. நான்தான் இழுத்து மூடிவிட்டேன். மறந்துட்டீங்களா?"

மறந்திருந்தேன். சத்தியமாக மறந்திருந்தேன்.

"ஆம்புலன்ஸ்ல அந்தத் தம்பி நாலு தடவ அடிச்சான். எடுக்கலீங்க, வேற நம்பர் சொல்லுங்கன்னு கேட்டுட்டே இருக்கான். எனக்கு நாக்கு குழறுது. இருங்க, அக்கா எடுப்பாங்க, எங்க அக்கா எடுப்பாங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். வேற நம்பர் சொல்லியிருந்தா அவராவது சீக்கிரம் வந்திருப்பாரு. நான் சொல்லல."

"தெரிஞ்சேதான் எடுக்கல, ரெஜினா" என்றேன். "அண்ணன்னு நெனச்சேன்னு சொல்லிக்கிட்டேன். அதுவும் பொய். நின்னா நேரம் போயிரும்னு எடுக்கல."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடி மேசையில் வைத்தாள். நான் மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது? ஒருத்தி குழந்தைக்குத் தைத்த பாவாடையை வாங்க வந்தாள். ரெஜினா எழுந்து அலமாரியில் தேடினாள். "போய்ட்டு வாங்க, அவரு வர்ற நேரம்" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

பாதி வழி வந்தபிறகுதான் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகத் தைரியம் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

கோச்சிடம் பிப்ரவரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன் மேடம், பிளான் பக்காவா இருக்கே!" என்று அங்கலாய்த்தார். அந்தத் திட்டத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

அவள் கடை வழியாகவே மில்லுக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது.

ஜனவரி 23, வியாழன்

கடை திறந்திருந்தது. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவ்வளவுதான்.

தூக்கம்: ஏழு மணி நேரம். இதுவே அதிசயம்.

ஜனவரி 25, சனி

சாயங்காலம் போன் அடித்தது. ரெஜினா என்று பெயர் வந்ததும் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"பரவால்ல, இப்பெல்லாம் போன் எடுக்கறீங்க" என்றாள்.

குத்தலாகத்தான் சொன்னாள். குத்தட்டும், இன்னும் நாலு குத்து குத்தட்டும்.

"பையில எலாஸ்டிக் லூசாக் கெடந்துச்சு, மாத்திட்டேன். நாளைக்குக் காலைல அஞ்சரைக்குப் பேக்கரி மொனைல நிக்கறேன். வந்து வாங்கிக்குங்க. ஓடவெல்லாம் மாட்டேன். நடக்கத்தான் டாக்டர் சொல்லியிருக்காரு. இன்னும் எனக்கு ஆறல, அதையும் சொல்லிர்றேன்."

"ஆறாட்டிப் பரவால்ல, வா" என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஐந்து மணிக்கே போய் நின்றுவிட்டேன். அவள் ஐந்தரைக்குச் சரியாக வந்தாள், கையில் குச்சியோடு. பையைக் கொடுத்தாள். கட்டிக்கொண்டேன், கச்சிதமாக இருந்தது. என் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"இது எதுக்கு?"

"இனிமே நீ கட்டிக்க. நான் உன்னைக் கேட்டுக்கறேன்."

வாங்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். அவள் மணிக்கட்டுக்குக் கடைசித் துளையும் பெரிதாகத்தான் இருந்தது.

நடந்தோம். டிசம்பர் ஓட்டத்தின் நம்பர் அட்டையைப் பற்றிச் சொன்னேன், என் எண்ணையே நான் எழுதிய கதையை. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "அடுத்த வாட்டி எங்க வீட்டுக்காரரு நம்பரப் போடுங்க. என் நம்பரும் வேண்டாம். ரெண்டு பேரும் ஒன்னா விழுந்து கெடந்தா எவ எடுக்கறது?" என்றாள். அடுத்த வாட்டி என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை.

ரேஷன் கடைப் பக்கம் நாய் இரண்டு எழுந்து வந்தன. குச்சியைத் தூக்கி, "ஏய், போடா அந்தாண்ட!" என்றாள். போய்விட்டன. எனக்கு ஒரேயடியாகச் சந்தோஷம் வந்துவிட்டது. சந்தோஷம் வந்தால் எனக்குக் கால் நிற்காது. அவள் நாலடி பின்னால் இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.

"அக்கா."

நின்று திரும்பினேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் கடிகாரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேகமாப் போறீங்க" என்றாள்.

அவள் வந்து சேரும்வரை நின்றேன். அப்புறம் அவளுக்குத் தோதாக, மெதுவாக நடந்தேன்.

ஓட்டம்: இல்லை. நடை: மூன்று கிலோமீட்டர், நாற்பத்தொன்பது நிமிடம். ரெஜினா பார்த்துச் சொன்னது.